கணினிவழி ஹாலோகிராம் படிமுறைகளின் ஒப்பீடு: அளவுகோல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

லேசர் கற்றையை விரும்பிய செறிவு வடிவத்திற்கு மாற்றுவதற்கான ஹாலோகிராம்கள் இன்று கணினியில் கணக்கிடப்படுகின்றன. இதற்கெனப் பல படிமுறைகள் உருவாகியுள்ளன. அவற்றைத் தரவரிசைப்படுத்தும் ஒப்பீடுகளும் தொடர்ந்து வெளிவருகின்றன. எந்தப் படிமுறையாலும் முற்றாக நீக்க இயலாத பிழை ஒன்று இச்சிக்கலின் இயல்பிலேயே உள்ளது என்பதையும், ஒவ்வொரு படிமுறையும் அப்பிழையை வெவ்வேறு இடத்தில் ஒதுக்குகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. ஓர் அளவுகோலை மட்டும் கொண்டு செய்யப்படும் ஒப்பீடு, பிழை ஒதுக்கப்பட்ட இடத்தைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன் படிமுறை, அதன் எடையிட்ட வடிவம், கலப்புப் பகுதிப் படிமுறை, இணைச்சரிவு முறை, கேமராவழிப் பின்னூட்ட முறை ஆகியன இந்நோக்கில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கணினிவழி ஹாலோகிராம், ஒளி வடிவமைப்பு, படிமுறை, கட்டம், பயனுறுதிறன், ஒருசீர்மை, ஒளிப்பண்பேற்றி.

முன்னுரை

1948ஆம் ஆண்டில் டென்னிஸ் கேபர் ஹாலோகிராம் என்னும் கருத்தை முன்வைத்தபோது, ஒரு பொருளிலிருந்து வரும் அலையைப் பதிவுசெய்து மீட்டெடுப்பதே அதன் நோக்கமாக இருந்தது. இப்பணிக்காக 1971ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1966இல் பிரவுன், லோமன் ஆகியோர், பொருளே இல்லாமல் ஹாலோகிராமைக் கணினியில் கணக்கிட்டு வரைய இயலும் என்று காட்டினர். அன்றிலிருந்து ஹாலோகிராம், பதிவுசெய்யும் கருவி என்னும் நிலையைக் கடந்து ஒளியை ஆணையிட்டு நடத்தும் கருவியாகவும் ஆனது.

தமிழில் ஹாலோகிராம் என்பதை முப்பரிமாண ஒளிப்படம் என்று குறிக்கும் வழக்கம் உண்டு. இக்கட்டுரையின் பொருளுக்கு அச்சொல் பொருந்தாது. இங்கு ஹாலோகிராம் என்பது கற்றையின் குறுக்குவெட்டில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியலையின் கட்டத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் உள்ளது என்பதை, எவ்வளவு மாற்ற வேண்டும் என்று கூறும் எண்களின் அட்டவணையே ஆகும். நீர்மப் படிகத்தாலான ஒளிப்பண்பேற்றி அவ்வட்டவணையை ஏற்றுக் கற்றையை மாற்றுகிறது. அதற்குப் பின்னுள்ள வில்லையின் குவியத் தளத்தில் விரும்பிய செறிவு வடிவம் தோன்ற வேண்டும். நுண்துகள்களைப் பிடிக்கும் ஒளியிடுக்கிகள், குளிர்ந்த அணுக்களுக்கான ஒளிப்பொறிகள், நரம்புச் செல்களைத் தூண்டும் நுண்ணோக்கிகள், படக்காட்சிக் கருவிகள் ஆகிய அனைத்திலும் இதே கணக்கு எழுகிறது.

அட்டவணையைக் கணக்கிடும் படிமுறைகளுள் எது சிறந்தது என்னும் வினா ஆய்வகத்தில் புதிதாக நுழையும் ஆய்வாளர் முதலில் எழுப்பும் வினாவாகும். அதற்கு விடைதரும் ஒப்பீடுகள் எவ்வாறு அமைந்துள்ளன, அவ்விடைகள் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

மீட்பும் வடிவமைப்பும்

இத்துறையின் அடிப்படைப் படிமுறை 1972இல் கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் ஆகியோர் வெளியிட்டதாகும். அது ஒளியை வடிவமைப்பதற்காக எழுதப்பட்டதன்று. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பெற்ற இரு படங்களிலிருந்து இழந்துபோன கட்டத்தை மீட்பதற்காக எழுதப்பட்டது. பிம்பத் தளத்திலும் விளிம்பு விளைவுத் தளத்திலும் அலையின் வீச்சு அளக்கப்பட்டிருக்கும், கட்டம் தெரியாது. ஃபூரியர் உருமாற்றத்தின் வழியே இரு தளங்களுக்கிடையே மாறி மாறிச் சென்று, ஒவ்வொரு முறையும் கணக்கில் வந்த கட்டத்தை வைத்துக்கொண்டு, வீச்சை மட்டும் அளந்த மதிப்பால் மாற்றுவதே அதன் செயல்முறை.

1982இல் ஃபீனப் கட்ட மீட்புப் படிமுறைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். இவ்வகைச் சுழற்சியில் பிழை ஒருபோதும் கூடுவதில்லை என்பதையும், இம்முறை மிகு சரிவு முறையோடு நெருங்கிய உறவுடையது என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். பிழை கூடாது என்னும் உறுதி, பிழை சுழியத்தை அடையும் என்னும் உறுதியாகாது. சில சுழற்சிகளுக்குப் பின் பிழை ஏறத்தாழ அசையாமல் நின்றுவிடுவதை இம்முறையைப் பயன்படுத்துவோர் அனைவரும் அறிவர்.

மீட்புச் சிக்கலுக்கும் வடிவமைப்புச் சிக்கலுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மீட்பில் இரு தளங்களின் வீச்சுகளும் இயற்கையில் உண்மையாக இருந்த ஓர் அலையிலிருந்து அளக்கப்பட்டவை. எனவே, அளவீட்டு இரைச்சலை ஒதுக்கினால், தீர்வு ஒன்று இருந்தே தீரும். வடிவமைப்பிலோ இலக்கு ஆய்வாளர் வரைந்த வடிவம். கூர்மையான விளிம்புடைய சதுரத்தையோ முற்றிலும் சமமான வளையத்தையோ அவர் வரையலாம். கட்டத்தை மட்டுமே மாற்றும் கருவியைக் கொண்டு அவ்வடிவத்தைச் சரியாகத் தரும் அலை ஒன்று உண்டு என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கற்றையின் அகலம் விதிக்கும் பிரிதிறன் எல்லையைத் தாண்டிய கூர்மையை எந்த அட்டவணையும் தர இயலாது.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்று உண்டு. வடிவமைப்பில் எஞ்சும் பிழையை முழுதும் படிமுறையின் குறையாகக் கருத இயலாது. இலக்குக்கும் கருவிக்கும் இடையே உள்ள இடைவெளியும் அதில் அடங்கும். அந்த இடைவெளியை நீக்க இயலாதபோது, அதை எங்கே வைப்பது என்பதே எஞ்சும் வினா. ஒளியின் ஒரு பகுதியை இழக்கலாம். புள்ளிகளின் சமத்தன்மையை விட்டுக்கொடுக்கலாம். இலக்கிற்கு வெளியே பின்னணி ஒளியை அனுமதிக்கலாம். இலக்குத் தளத்தின் கட்டத்தைக் கைவிடலாம். ஒவ்வொரு படிமுறையும் இவற்றுள் ஒரு தேர்வு. ஒப்பீடு என்பது இத்தேர்வுகளின் ஒப்பீடாக அமைய வேண்டும்.

ஒவ்வொரு படிமுறைக்கும் ஓர் அளவுகோல்

இவ்வுண்மையை மிகத் தெளிவாக உணர்த்திய ஆய்வு 2007இல் டி லியோனார்டோ, இயானி, ருவோக்கோ ஆகியோர் ரோம் நகரிலிருந்து வெளியிட்டதாகும். ஒளிப்பொறி அணிகளுக்கான படிமுறைகளை அவர்கள் ஒப்பிட்டனர். ஒவ்வொரு படிமுறையும் பொறிகளின் செறிவுகளைக் கொண்டு எழுதப்பட்ட ஏதோ ஓர் அளவை உச்சப்படுத்துகிறது என்று நிறுவியதே அவ்வொப்பீட்டின் சிறப்பு. கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன் படிமுறை உச்சப்படுத்துவது எல்லாப் பொறிகளின் வீச்சுகளின் கூட்டுத்தொகையை. கூட்டுத்தொகை பெரிதாக இருக்கும்வரை, அது பொறிகளுக்கிடையே எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதை அப்படிமுறை பொருட்படுத்துவதில்லை.

10×10 சதுர அணியில் 100 பொறிகளை உருவாக்கும் கணக்கில், கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன் படிமுறையின் பயனுறுதிறன் 0.94, ஒருசீர்மை 0.60 என்று அவ்வாய்வு காட்டியது. ஒருசீர்மை இங்கு மீப்பெரு, மீச்சிறு செறிவுகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்துப் பெறப்படுவது. 0.60 என்னும் எண் பார்வைக்கு ஏற்கத்தக்கதாகத் தோன்றலாம். விரித்துப் பார்த்தால், மிக வலுவற்ற பொறியின் செறிவு மிக வலுவான பொறியின் செறிவில் 43 விழுக்காடு மட்டுமே என்று அதற்குப் பொருள். பொறியின் ஆழம் செறிவுக்கு நேர்விகிதத்தில் உள்ளதால், ஒரு பொறியில் நிற்கும் துகள் மற்றொன்றிலிருந்து தப்பிவிடக்கூடும்.

பின்தங்கும் பொறிகளுக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் எடையை உயர்த்தும் புதிய வடிவத்தை அவர்கள் முன்வைத்தனர். அதன் பயனுறுதிறன் 0.93, ஒருசீர்மை 0.99. ஒளியில் நூற்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, மிக வலுவற்ற பொறியை மிக வலுவானதன் 98 விழுக்காட்டிற்கு உயர்த்த முடிந்தது. பயனுறுதிறன் என்னும் ஒரே அளவுகோலைக் கொண்டு ஒப்பிட்டிருந்தால் பழைய படிமுறையே வென்றிருக்கும்.

இவ்வெற்றியைப் பொதுமைப்படுத்துவதில் எச்சரிக்கை தேவை. 100 பொறிகள் என்பது 100 நிபந்தனைகள். ஒளிப்பண்பேற்றியில் மாற்றக்கூடிய படப்புள்ளிகளோ இலட்சக்கணக்கானவை. பொறிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்பதால் அவற்றின் கட்டங்களும் விருப்பம்போல் அமையலாம். இலக்கின் சமச்சீர்மையும் முடிவை மாற்றும். ஒழுங்கான சதுர அணியில் வேண்டாத இடங்களில் எழும் போலிப் பொறிகள் அணியின் புள்ளிகளோடு ஒன்றிக் கலந்து குறுக்கிடுகின்றன. ஒழுங்கற்ற அமைப்பில் இத்தொல்லை குறைவு. எனவே, ஓர் இலக்கில் பெற்ற தரவரிசை வேறோர் இலக்கில் அப்படியே நிற்கும் என்று கருத இயலாது.

துல்லியத்தின் விலை

இலக்கு தொடர்ச்சியான பரப்பாக இருக்கும்போது சிக்கல் கடுமையாகிறது. அடுத்தடுத்த புள்ளிகளின் ஒளி ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அவற்றுக்கிடையேயான கட்ட வேறுபாடு செறிவைத் தீர்மானிக்கிறது. கட்டம் ஒரு புள்ளியைச் சுற்றி முழுச் சுற்று சுழன்றால் அப்புள்ளியில் செறிவு சுழியமாகிவிடும். இத்தகைய சுழிகள் சமமாக இருக்க வேண்டிய பரப்பில் கரும்புள்ளிகளாகத் தங்கிவிடுகின்றன. சுழற்சிகளைக் கூட்டினாலும் எளிதில் அகலுவதில்லை.

2008இல் பாசியன்ஸ்கி, டிமார்கோ ஆகியோர் குளிர்ந்த அணுக்களுக்கான பொறிகளை நோக்கமாகக் கொண்டு கலப்புப் பகுதிப் படிமுறையை வெளியிட்டனர். குவியத் தளத்தை இரு பகுதிகளாகப் பிரித்து, அளக்கப்படும் பகுதியில் மட்டும் இலக்கை வலியுறுத்தி, எஞ்சிய பகுதியைக் கட்டுப்பாடின்றி விடுவது அதன் உத்தி. தொடக்கக் கட்டத்தைச் சீரான வளைவாகத் தேர்ந்து சுழிகள் பிறப்பதும் தவிர்க்கப்பட்டது. கணக்கிட்ட செறிவில் பிழை நூற்றில் ஒன்று என்னும் அளவிற்குக் குறைந்தது. வழக்கிலிருந்த முறைகளைவிடத் துல்லியத்தில் ஏறத்தாழ பத்து மடங்கும் சொரசொரப்பின்மையில் நூறு மடங்கும் மேம்பாடு காட்டப்பட்டது. இனி எஞ்சியிருக்கும் தடை செயல்முறைப்படுத்துவது மட்டுமே என்னும் பொருள்பட அவர்கள் கூறினர்.

மேம்பாடு உண்மையானது. அதற்கான விலை, கட்டுப்பாடின்றி விடப்பட்ட பகுதிக்குச் செல்லும் ஒளியாகும். ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு படிமுறை 90 விழுக்காடு ஒளியைப் பயன்படுத்தி 10 விழுக்காடு பிழையையும், மற்றொன்று 30 விழுக்காடு ஒளியைப் பயன்படுத்தி 1 விழுக்காடு பிழையையும் தருவதாகக் கொள்ளலாம். பிழையை மட்டும் அட்டவணையிட்டால் இரண்டாவது பத்து மடங்கு சிறந்தது. லேசரின் திறன் மாறாதபோது அது தரும் பொறியின் ஆழமோ மூன்றில் ஒரு பங்கு. அணுக்களின் ஆற்றல் பொறியின் ஆழத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும் ஆய்வில், தளத்தின் சிறு மேடுபள்ளமும் அணுக்களின் பரவலைச் சிதைக்கும். அங்கு இரண்டாவதே வேண்டும். நுண்துகள்களை இழுத்துப் பிடிக்கும் பணியில் முதலாவது போதும்.

எஞ்சிய பகுதி உண்மையிலேயே பயனற்ற பகுதிதானா என்பதும் ஆய்வைப் பொறுத்தது. குளிர்ந்த அணு ஆய்வில் இடைநிலைப் பிம்பத் தளத்தில் துளையொன்றை வைத்து அவ்வொளியைத் தடுக்கலாம். அவ்வாறு தடுக்காமல் மூளைத் திசுவின்மீது ஒளியைச் செலுத்தினால், கணக்கில் இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட பகுதியிலும் உயிருள்ள செல்கள் இருக்கும். படிமுறை கணக்கில் சேர்க்காத ஒளியைத் திசு ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

2014இல் ஹார்ட், புரூஸ், கீலிங், கசெட்டாரி ஆகியோர் இதே சிக்கலுக்கு இணைச்சரிவு முறையைக் கையாண்டனர். குறைக்க வேண்டிய பிழையை ஒரு செலவுச் சார்பாக வெளிப்படையாக எழுதி, அதன் சரிவின் வழியே தீர்வை நாடுவது அம்முறை. இதன் தனிச் சிறப்பு, தேர்வு வெளிப்படையாக இருப்பதே. கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன் முறையில் உள்ளுறைந்து கிடந்த அளவுகோல் இங்கு எழுத்தில் நிற்கிறது, வேண்டும்போது மாற்றலாம். செறிவோடு கட்டத்தையும் கட்டுப்படுத்தும் சார்பைப் பின்னர் 2017இல் அவ்வழியில் எழுத முடிந்தது. வெளிப்படைத்தன்மையோடு ஒரு பொறுப்பும் சேர்கிறது. செலவுச் சார்பின் எடைகளை ஆய்வாளரே தேர்கிறார். அவற்றை இலக்கிற்கேற்பப் பலமுறை திருத்திய பின், திருத்தப்படாத பழைய முறையோடு ஒப்பிட்டால், அங்கு ஒப்பிடப்படுவது படிமுறைகள் மட்டுமல்ல. அவற்றின்மேல் செலவிட்ட உழைப்பும்தான்.

ஒற்றை எண்ணின் போதாமை

சராசரி வர்க்கப் பிழையின் மூலம் என்னும் அளவே பெரும்பாலான ஒப்பீடுகளில் இடம்பெறுகிறது. அதன் போதாமைகள் மூன்று.

முதலாவது, அது பிழையின் வடிவத்தைக் கூறாது. பரப்பு முழுவதும் மெல்லச் சாய்ந்த செறிவும், பெரும்பகுதி சரியாக இருந்து ஓரிரு சுழிகளால் துளையுண்ட செறிவும் ஒரே 3 விழுக்காட்டுப் பிழையைத் தரக்கூடும். சாய்வை இலக்கைத் திருத்தி நேராக்கலாம். சுழியை அவ்வாறு திருத்த இயலாது.

இரண்டாவது, அது எங்கு அளக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஹாலோகிராமில் உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கையிலேயே குவியத் தளமும் கணக்கிடப்பட்டால், புள்ளிகளுக்கு இடையில் உள்ள செறிவு கணக்கிற்கு வராது. செறிவு என்பது வீச்சின் வர்க்கமாதலால் அதன் அலைவரிசை அகலம் இரு மடங்கு. அதை முழுமையாக அறிய ஒவ்வொரு திசையிலும் இரு மடங்கு நெருக்கமான புள்ளிகள் வேண்டும். நெருக்கமற்ற கட்டங்களில் மிகச் சிறிய பிழையைக் காட்டும் தீர்வு, இடைப்புள்ளிகளில் பெரிதும் ஏறியிறங்கக்கூடும். கேமராவோ அணுக்களோ கணக்கிட்ட புள்ளிகளை மட்டும் பார்ப்பதில்லை.

மூன்றாவது, அது தொடக்கத்தையும் காலத்தையும் மறைக்கிறது. தன்னிச்சையான தொடக்கக் கட்டத்திலிருந்து ஒரு படிமுறையையும், சீரான வளைவிலிருந்து மற்றொன்றையும் இயக்கினால், முடிவில் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு படிமுறைக்கு உரியது, எவ்வளவு தொடக்கத்திற்கு உரியது என்று பிரித்தறிய இயலாது. சுழற்சிகளின் எண்ணிக்கையும் நம்பத்தக்க அளவன்று. கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன் சுழற்சி ஒன்றிற்கு இரு ஃபூரியர் உருமாற்றங்கள் போதும். இணைச்சரிவு முறையில் சரிவின் திசையில் எவ்வளவு தூரம் செல்வது என்று தேடுவதற்கும் உருமாற்றங்கள் செலவாகின்றன. உருமாற்றங்களின் எண்ணிக்கையைக் கூறுவதே நேர்மையான கணக்கு.

கணினித் திரையும் ஆய்வு மேசையும்

கணக்கில் காட்டிய மேம்பாடு ஆய்வு மேசையில் நிலைபெறுமா என்பது அடுத்த வினா. கட்டத்தை வரையறுத்த படிகளில் மட்டுமே தரும் கருவியில், ஒளியை ஒரு திசைக்குத் திருப்பும் எளிய கீற்றணியின் பயனுறுதிறன் 2 படிகளுக்கு 40.5, 4 படிகளுக்கு 81, 8 படிகளுக்கு 95 விழுக்காடு. இன்று பரவலாக உள்ள 256 படிகளில் இவ்விழப்பு புறக்கணிக்கத்தக்கது. மற்றவை அவ்வாறல்ல. பரப்பில் 93 விழுக்காடு மட்டுமே செயற்படும் பண்பேற்றியில், படப்புள்ளிகளுக்கு இடையிலான இடைவெளியால் மட்டும், விரும்பிய வடிவத்திற்குச் செல்லும் ஒளி ஏறத்தாழ 86 விழுக்காடாகக் குறைகிறது. அடுத்தடுத்த படப்புள்ளிகளின் மின்புலங்கள் ஒன்றையொன்று பாதிப்பது, கருவியின் பரப்பு முற்றிலும் தட்டையாக இல்லாதது, வில்லைகளின் பிறழ்ச்சி, கற்றையின் உண்மையான வடிவம் கணக்கில் கொண்டதிலிருந்து வேறுபடுவது ஆகியனவும் சேர்கின்றன.

இவற்றால் எழும் பிழை சில விழுக்காடாக இருக்கும் அமைப்பில், கணக்குப் பிழையை 1 விழுக்காட்டிலிருந்து 0.1 விழுக்காடாகக் குறைக்கும் படிமுறை கண்ணுக்குத் தெரியும் பயன் எதையும் தராது. 0.94, 0.93 ஆகிய பயனுறுதிறன்களின் வேறுபாடும் அவ்வாறே கருவியின் இழப்பில் மறைந்துவிடும். 0.60, 0.99 ஆகிய ஒருசீர்மைகளின் வேறுபாடு மறையாது. எந்த வேறுபாடு கருவியைத் தாண்டி நிலைக்கும் என்று கூறாத ஒப்பீடு, வாசிப்பவரைத் தவறான தெரிவுக்கு இட்டுச்செல்லும்.

கேமராவழிப் பின்னூட்டம் இந்நிலையை மாற்றியுள்ளது. 2014இல் நோக்ரெட் முதலியோர் தனி அணுக்களைப் பிடிக்கும் ஏறத்தாழ 100 பொறிகள் வரையிலான அணிகளை ஹாலோகிராமால் உருவாக்கியபோது, அளந்த செறிவுகளைக் கொண்டு இலக்கைத் திருத்தி மீண்டும் கணக்கிட்டுப் பொறிகளைச் சமப்படுத்தினர். 2020இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெங், வெட்ஸ்டைன் முதலியோர் படக்காட்சிக் கருவிகளுக்காகக் கேமராவைக் கணக்கின் சுழற்சிக்குள்ளேயே சேர்த்தனர். இவற்றில் கணினி மாதிரியின் இடத்தைக் கருவியின் உண்மையான வெளியீடு எடுத்துக்கொள்கிறது. கொள்கையளவில், பின்னூட்டம் பெற்ற பழைய படிமுறை, பின்னூட்டம் பெறாத புதிய படிமுறையை விஞ்சக்கூடும். கேமராவும் பிழையற்ற நடுவராகாது. அது நிற்கும் தளமும் அணுக்கள் நிற்கும் தளமும் ஒன்றல்ல. இரண்டிற்கும் இடையிலுள்ள ஒளியியல் உறுப்புகளின் பிறழ்ச்சியையும் சேர்த்தே அது திருத்திவிடும்.

ஒப்பீட்டிற்கு உரிய நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து ஒப்பீட்டிற்கான சில நெறிகளைத் தொகுக்கலாம். பிழையும் பயனுறுதிறனும் எப்போதும் இணையாகத் தரப்பட வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று பொருளற்றது. இயலுமிடத்தில் ஒரு படிமுறையை ஒரு புள்ளியாகக் காட்டுவதைவிட, அதன் கட்டுப்பாட்டு எண்ணை மாற்றும்போது இவ்விரண்டும் எவ்வாறு மாறுகின்றன என்னும் கோட்டைக் காட்டுவது சிறந்தது. பிழையின் பரவலும் சுழிகளின் எண்ணிக்கையும் தனியே குறிக்கப்பட வேண்டும். அனைத்துப் படிமுறைகளும் ஒரே தொடக்கத்திலிருந்தும், ஒரே எண்ணிக்கையிலான உருமாற்றங்களுக்குள்ளும் இயக்கப்பட வேண்டும். புள்ளி அணி, தொடர்பரப்பு, கூர்விளிம்பு வடிவம் என இயல்பில் மாறுபட்ட இலக்குகள் இடம்பெற வேண்டும். கணக்கிட்ட மதிப்பும் அளந்த மதிப்பும் அருகருகே தரப்பட்டு, கருவியின் பிழை எல்லை கூறப்பட வேண்டும்.

முடிவுரை

கணினிவழி ஹாலோகிராம் படிமுறைகளின் வரலாறு, உச்சப்படுத்தும் அளவுகோலைப் படிப்படியாக வெளிக்கொணர்ந்த வரலாறாகவும் அமைகிறது. கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன் முறையில் உள்ளுறைந்திருந்த அளவுகோலை எடையிட்ட வடிவம் வெளிப்படுத்தி மாற்றியது. கலப்புப் பகுதிப் படிமுறை பிழைக்கென ஓர் இடத்தை ஒதுக்கியது. இணைச்சரிவு முறை அளவுகோலை எழுதக்கூடியதாக்கியது. பின்னூட்ட முறை அதை அளவீட்டின் கையில் ஒப்படைத்தது. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவிற்கு இலக்கையும் கருவியையும் குறிப்பிடாமல் விடை இல்லை. லேசர் திறன் குறைந்த சிறிய ஆய்வகம், பிழை மட்டுமே அச்சிடப்பட்ட அட்டவணையை நம்பித் தன் ஒளியில் பெரும்பகுதியை இழக்கும் படிமுறையைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், அப்பிழையில் ஒப்பீட்டை எழுதியவருக்கும் பங்கு உண்டு. நீக்க இயலாத பிழையை ஒவ்வொரு படிமுறையும் எங்கே ஒதுக்கியது என்பதைக் காட்டும் ஒப்பீடே ஆய்வாளருக்குத் துணைநிற்கும்.